மெர்வின் டக்கெட்டின் இரண்டாவது முதல் நாள்

மெர்வினை நிரந்தர வேலையிலிருந்து கிளப்பிவிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் வந்து, "மோ, இதுல உன் கையும் இருக்காமே" என்று மூக்கை நுழைக்க வேண்டாம். ஆமாம், இருக்கிறது. இரண்டு கையும் இருக்கிறது.

என் பெயர் மாரீன். இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஸ்விண்டனில் எல்லாருக்கும் மோ. கம்ப்யூட்டர் புரோகிராம்களைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். பதினெட்டு வருஷமாகக் காண்ட்ராக்ட்தான். ஆறு மாதம் ஒரு கம்பெனி, ஒரு வருஷம் இன்னொன்று. போன நாளுக்குக் கூலி, போகாத நாளுக்குப் பட்டை நாமம். லீவு, பென்ஷன், நோயில் படுத்தால் சம்பளம், எதுவும் கிடையாது. ஆனால் நிரந்தர ஆட்கள் ஒரு மாதத்தில் பார்ப்பதை நான் பத்து நாளில் பார்த்துவிடுவேன். இதைச் சொல்லிக்காட்டாமல் என்னால் இருக்க முடியாது. வாய்க்கொழுப்பு.

மெர்வின் டக்கெட் எனக்கு நேர் எதிர். மற்ற கம்பெனிகளின் ஊழியர்களுக்குப் பென்ஷனும் ஆயுள் காப்பும் நிர்வாகம் பண்ணித் தருகிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே நான் நாலு வருஷமாகக் காண்ட்ராக்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன், அவன் என் பக்கத்து மேசை. இருபத்திரண்டு வருஷம் அவனுக்கு அதே நாற்காலி, அதே சீஸ் சாண்ட்விச், அதுவும் பன்னிரண்டரை அடித்தால்தான். யாராவது வேலையை விட்டுப் போனால் பெரிய வாழ்த்து அட்டை வாங்கி மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது அவன் வேலை. எழுத ஒன்றும் தோன்றாமல் பேனாவைக் கடிப்பவர்களுக்கு வாசகமும் அவனே எடுத்துக் கொடுப்பான். ஐம்பத்துமூன்று வயசு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரும் இப்போது படிக்காத ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியில்தான் அந்தக் கம்பெனியின் மொத்தக் கணக்கும் ஓடியது, அதை எழுதியவர்களில் மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான்.

வீட்டில் மனைவி லோரெய்ன், மகள் கெய்லி. கெய்லிக்குப் பத்தொன்பது வயசு, வலிப்பு நோய். ஒரு நாளைக்கு நாலு தடவைகூட வரும். யாராவது ஒருத்தர் கூடவே இருந்தாக வேண்டும், அதனால் லோரெய்ன் வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. மாடிப்படியில் அந்தப் பெண் இரண்டு முறை உருண்டாள். இரண்டாவது முறை தாடை உடைந்தது. கீழ்த்தளத்திலேயே அவளுக்கு ஓர் அறையும் குளியலறையும் கட்ட வேண்டும் என்று மெர்வின் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இதையே எத்தனை வருஷம்டா சொல்லுவே, உனக்கே அலுக்கல?" என்று ஒரு நாள் கேண்டீனில் கேட்டேன். "உன் சம்பளத்துல அந்த ரூமுக்குக் கூரை போடறதுக்குள்ள அவளுக்கு என் வயசாயிடும்."

"வேற என்ன பண்ணச் சொல்றே மோ?"

"உனக்குத் தெரிஞ்ச மொழிக்கு பிரிஸ்டல்ல பேங்க்காரன் அடிச்சுக்கறான். ஆறே மாசம். ரூம் கட்டியாச்சு. பிடிக்கலையா, விட்டுட்டு வா."

"நிரந்தர வேலைய விட்டுட்டா?"

"நிரந்தரமாம் நிரந்தரம்! நாளைக்கு ஆள் குறைக்கறோம்னா உன்னையும் அந்த நாற்காலியையும் ஒரே லாரியில ஏத்திடுவான். உனக்கும் அதுக்கும் என்னடா வித்தியாசம், சொல்லு பார்க்கலாம்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மெர்வினும் சிரித்தான், ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. மறுநாள் காலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்து, "அந்த பிரிஸ்டல் விஷயம், போன் நம்பர் இருக்கா?" என்றான்.

2013 ஜனவரியில் கிளம்பினான். அவனுக்கான அட்டையை ஏந்திக்கொண்டு மேசை மேசையாக நான் அலைந்தேன். காண்ட்ராக்டுக்குப் போகிறவன் தன் பேரில் ஒரு கம்பெனி தொடங்க வேண்டும். அதையும் நானே பதிவு செய்து கொடுத்தேன். முதலாளி, தொழிலாளி, டீ போடுகிறவன் எல்லாம் அவனே. ஆடிட்டர் முகவரி, வரி விவரம் என்று ஒரு கத்தைக் காகிதம் கொடுத்தேன். அதற்குள் ஆயுள் காப்பு விண்ணப்பமும் ஒன்று இருந்தது. நிரந்தர ஆள் வேலையில் இருக்கும்போது செத்தால் கம்பெனி அவன் வீட்டுக்கு நாலு வருஷச் சம்பளம் கொடுக்கும். காண்ட்ராக்ட்காரனுக்கு அது கிடையாது, தானே பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தாயா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு யாரும் இல்லை, நான் செத்தால் அழப்போவது என் வீட்டு ஓனர் மட்டும்தான், அதனால் எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அவனோ, அறைக்கு அஸ்திவாரம் போட்டதும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதை அலமாரியில் வைத்துவிட்டான். இருபத்திரண்டு வருஷம் ஊரார் சாவுக்கெல்லாம் கணக்குப் பார்த்தவன்!

மார்ச்சில் வயிற்று வலி. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு என்று மாத்திரையை விழுங்கிக்கொண்டு நாற்பது மைல் வண்டி ஓட்டிப் போனான். நிரந்தர வேலையாக இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் போயிருப்பான் பாவி. பிரிஸ்டலில் சேர்ந்த பதினோராவது வாரம் கண் மஞ்சளானது. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. பித்தம் வடிய உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். நல்லபடியாகப் போனால் இலையுதிர்காலம் வரை என்றார் டாக்டர்.

அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்காரனிடம் சொன்னபோது, "ஐயோ பாவம், உடம்பப் பார்த்துக்கங்க" என்றானாம். அதே மூச்சில், "லேப்டாப்ப எப்போ திருப்பி அனுப்பறீங்க?" என்றும் கேட்டானாம். காண்ட்ராக்ட் அன்றோடு முடிந்தது.

ஏப்ரலில் அவனைப் பார்க்கப் போனேன். பின்புறம் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது. லோரெய்ன் மேலே கெய்லியோடு இருந்தாள். சமையலறையில் நாங்கள் இருவர்தான்.

"சாகறதுக்குப் பயமில்ல மோ," என்றான். "அதாவது, இருக்கு, ஆனா அதை விடு. ஜனவரிக்கு முன்னாடி செத்திருந்தா லோரெய்ன் வீட்டுக் கடனை அடைச்சிருப்பா. ரூமையும் கட்டியிருப்பா. இப்போ செத்தா அவளும் குழந்தையும் தெருவுல. எந்தக் கம்பெனியும் இனிமே எனக்குப் பாலிசி தராது."

நான் எழுந்து டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றான். "திரும்பவும் உள்ள போயிடணும். நிரந்தர ஆளா. புதுசா சேர்றவங்ககிட்ட அந்தக் காப்புக்கு நோயப் பத்தி ஒரு கேள்வியும் கிடையாது. படிவத்துல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. சேர்ற அன்னைக்கு ஆபீஸ்ல இருந்து, வழக்கமான நேரம் முழுசும் வேலை பார்த்தாரா? ஆமா, இல்லை. அவ்வளவுதான். நம்ம புரோகிராம்ல நான் எழுதின வரி மோ அது. தொண்ணூத்தெட்டுல."

"அப்போ ஒரு நாள் போனா போதுமா?"

"ஒரு முழு நாள். ஒரு லாரி டிரைவர் கேஸ் ஞாபகம் இருக்கு. முதல் நாளே காய்ச்சல்னு ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போனான், அப்புறம் எழுந்திருக்கவே இல்ல, மூணாம் மாசம் முடிஞ்சுது. நாலு பசங்க. என் புரோகிராம்தான் 'இல்லை'ன்னு சொல்லிச்சு. சரியாத்தான் வேலை செய்யுதுன்னு அன்னைக்கு சந்தோஷப்பட்டேன்." மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். "லோரெய்ன்கிட்ட இந்தக் கட்டத்தப் பத்திச் சொல்லாதே. போக விடமாட்டா. வீட்ல உட்கார முடியல, அதான் போறேன்னு சொல்லிக்கறேன்."

கம்பெனியில் அவன் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைத்திருக்கவில்லை. மேலாளர் ஜூடித் ஒவ்வொரு வாரமும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவனை நானே கூட்டிக்கொண்டு போனேன். கோட்டு தோளிலிருந்து தொங்கியது. முகமும் கழுத்தும் மஞ்சள், கண் வெள்ளையும் மஞ்சள். ஜூடித் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லா வெயில் காஞ்சிருக்கீங்க மெர்வின்," என்றாள். "ஸ்பெயின் போயிருந்தீங்களா?"

மெர்வினுக்குப் பொய் வராது. "ஜூடித், நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"ஸ்பெயின்தான்," என்றாள் அவள், கொஞ்சம் சத்தமாகவே. "எனக்குத் தெரியும். வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி உடம்பப் பத்திக் கேக்கறதுக்கு சட்டம் இடம் கொடுக்கல. நான் கேக்கல, நீங்களும் சொல்லல. எப்போ வர முடியும்?"

அந்தப் பெண்ணைப் பற்றி நாலு வருஷம் நான் பேசாத பேச்சு இல்லை. எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் வேலையில் சேர்க்கப் பின்னணி விசாரணை உண்டு. பழைய கம்பெனியிலிருந்து சான்றுக் கடிதம் வர வேண்டும். பழைய கம்பெனி எது? இதே கம்பெனி! மூன்றாம் மாடி ஆட்கள் இரண்டாம் மாடி ஆட்களுக்கு எழுதிக் கேட்டார்கள், இரண்டாம் மாடிக்காரர்கள் பதில் எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் நான் மேலேயும் கீழேயும் ஓடி நாய் மாதிரிக் குரைத்தேன். அவன் வாரத்துக்கு ஒரு பெல்ட் துளை இளைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் தேதி வந்தது: ஜூன் மூன்று, திங்கட்கிழமை.

திங்கள் காலை ஏழரைக்கு அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும்தான் சொன்னான். "ராத்திரியிலருந்து காய்ச்சல். லோரெய்னுக்குத் தெரியாது."

"குழாய்ல சீழ் பிடிச்சா காய்ச்சல் வரும், உடனே வாங்கன்னுதானே டாக்டர் சொன்னார்?"

"சொன்னார்."

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அங்க போனா வெளிய விடமாட்டாங்க மோ. அடுத்த திங்கட்கிழமை எனக்கு இருக்கான்னு தெரியாது." என் கையின் மேல் கையை வைத்தான். அடுப்புத்தட்டு மாதிரிச் சுட்டது. "நீ தானே வெளிய கூட்டிட்டுப் போனே. உள்ள கொண்டுபோய் விடு."

விட்டேன். வேறு என்ன செய்ய?

ஒன்பது மணிக்கு வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே நுழைந்தான். புதிதாகச் சேர்பவனுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவது விதி. இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு ஒரு சின்னப் பெண் தீ விபத்து வழிகளைக் காட்டினாள். மூன்று மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், ஏறினான், "ரொம்ப நன்றி" என்றான். பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டு டோனட் வாங்கி வந்து அவன் மேசையில் அடுக்கினார்கள். ஒன்றை எல்லார் முன்னாலும் தின்றான், பத்து நிமிஷத்தில் கழிப்பறைக்குப் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். ஐந்து மாதமாகத் தப்பாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பென்ஷன் கணக்கு. "சும்மா உட்கார்ந்தா ஆகாது," என்றான். "வேலை பார்த்தாரான்னுதான் கேள்வி."

மதியம் சாண்ட்விச்சைப் பிரித்து வைத்தான், தொடவில்லை. இரண்டே காலுக்கு நடுக்கம் தொடங்கியது. சாதாரண நடுக்கம் இல்லை, நாற்காலி கடகடவென்று ஆடியது. என் கோட்டை அவன்மேல் போட்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

எங்கள் பிரிவில் முதலுதவிக்குப் பொறுப்பு பெவர்லி. நல்ல மனுஷி, அதுதான் அன்றைக்கு எனக்கு எமன். மேசைகளைத் தாண்டி ஓடி வந்தாள். "மெர்வின், என்னப்பா ஆச்சு? மோ, இவருக்கு உடம்பு சரியில்ல, நான் ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்."

போனை எடுத்துவிட்டாள். மெர்வின் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். பேச முடியவில்லை, பல் அடித்துக்கொண்டது, கண் மட்டும் கெஞ்சியது. சுவரில் மணி இரண்டு இருபது.

"ஆம்புலன்ஸா!" என்று நான் பெரிதாகச் சிரித்தேன். "மானத்த வாங்காதே பெவ். நேத்து என் வீட்ல விருந்து. விஸ்கிய இவன் விட்டு வைக்கவே இல்ல. அதான் முதல் நாளும் அதுவுமா இந்த லட்சணம்."

"மெர்வினா? நம்ம மெர்வினா?"

"காண்ட்ராக்ட்ல போய்க் கெட்டுட்டான்."

மெர்வின் எப்படியோ ஒரு சிரிப்பை முகத்துக்குக் கொண்டுவந்தான். பெவர்லி போனை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போய்த் தண்ணீரும் ஒரு பாக்கெட் சிப்ஸும் கொண்டுவந்து வைத்தாள். "உப்பு உள்ள போனா சரியாயிடும்," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனாள்.

அவள் போனதும், "போதும்டா," என்று அவன் காதில் சொன்னேன். "என்னால பார்க்க முடியல. வா, போயிடலாம்."

"மணி என்ன?"

"ரெண்டு முப்பத்தஞ்சு."

"அந்த லாரிக்காரன் ரெண்டு மணிக்குப் போனான்," என்றான். அப்புறம் திரையைப் பார்த்தான். விரல் எழுத்தில் விழவில்லை. அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன், வரிக்கு வரி அவன் சரிபார்த்தான், வரி முடிவில் அழுத்துகிற பொத்தானை மட்டும் தன் விரலால் அழுத்தினான். மூன்றரைக்கு ஜூடித் தன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எழுந்து வந்து கண்ணாடிமேல் திரைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தத் துணியை நான் கிழித்திருக்க வேண்டும். எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நாலரைக்கு அவன் பேச்சு குழறியது, என்னைக் கெய்லி என்று கூப்பிட்டான். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒரு தடவை தெளிந்து மணி கேட்டான். சொன்னேன். "எட்டு நிமிஷம்," என்றான், கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தான்.

ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்கு வாசலில் அட்டையைத் தேய்த்தான். கையை நான் பிடித்துக்கொண்டேன், தேய்த்தது அவன். வண்டிநிறுத்தத்தைத் தாண்டி முதல் வட்டச் சந்திப்பில் வண்டி திரும்பும்போது தலை என் தோளில் சாய்ந்தது. அதற்கப்புறம் அவன் பேசவே இல்லை. ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். புதன்கிழமை காலை போய்விட்டான்.

காப்புப் பிரிவிலிருந்து விசாரித்தபோது ஜூடித் எழுதிக் கொடுத்தாள்: அன்று முழு நேரமும் வேலை பார்த்தார். பொய் இல்லையே. மெர்வினின் புரோகிராம் 'ஆமா' என்று சொன்னது. ஆகஸ்டில் லோரெய்னுக்குக் கடிதம் வந்தது.

அவள் கூப்பிட்டு நான் போனேன். பின்புறம் கொத்தனார்கள் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கெய்லி ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் மேசைமேல் கிடந்தது. லோரெய்ன் அதைத் தொடவில்லை.

"டாக்டரப் பார்த்தேன் மோ," என்றாள். "அன்னைக்கு மத்தியானம் கொண்டுவந்திருந்தா மருந்து பிடிச்சிருக்குமாம். செப்டம்பர் வரைக்கும் இருந்திருப்பானாம். கெய்லியோட பிறந்தநாள் போன வாரம். இருந்திருப்பான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கெய்லியைப் பார்த்தேன்.

"நாலு வருஷச் சம்பளம். எனக்கு அந்த மூணு மாசம் போதும், மோ. இதை அவங்க முகத்துலயே விட்டெறிஞ்சிருப்பேன். சாகற உடம்போட அந்தப் பாழாப்போன ஆபீசுக்கு எதுக்குப் போனான்? வீட்ல எங்ககூட உட்கார முடியலயா அவனுக்கு?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்தக் கட்டத்தை, லாரி டிரைவரை, எல்லாவற்றையும். சொன்னால் அந்த அறையில் ஒரு நாள் அவள் கால் வைப்பாளா? கெய்லியைப் படுக்க வைப்பாளா?

"நீதானே பக்கத்துல இருந்தே," என்றாள். "அந்த நடுக்கம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"அஞ்சு மணிக்கு மேலதான்," என்றேன். "வண்டியில ஏறினப்புறம். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தான். டோனட் கூடத் தின்னான்."

லோரெய்ன் என்னையே பார்த்தாள். அப்புறம் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நீ என்ன பண்ணியிருக்க முடியும்," என்றாள்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.